மகோகனிச் சாமானில் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

ஐப்பசி அடைமழை தொடங்கி ஒரு வாரம் ஆனால் போதும், எனக்குப் போன் வரும். “ஆசாரி, அலமாரிக் கதவு மூடவே மாட்டேங்குது.” பங்குனி வெயில் ஏறியதும் அதே வீட்டிலிருந்து மறுபடி: “ஆசாரி, கதவு நடுவுல வெடிச்சிருக்கு.” இரண்டும் ஒரே கோளாறு என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் காபி ஆறிவிடும்.

பட்டுக்கோட்டைப் பக்கம் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகுதான் எங்கள் பட்டறைக்கு மகோகனி நிறைய வர ஆரம்பித்தது. வரப்போரம் வைத்த மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. விறகுக்குப் போட மனம் வராமல் மில்லில் அறுத்துக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து பார்க்கிறேன், வருகிற புகார் எல்லாம் சுற்றிச் சுற்றி இரண்டு இடத்தில்தான் வந்து நிற்கிறது: காயாத பலகை, இளமரத்தின் வெளிறு (பட்டையை ஒட்டிய வெளுத்த மரப்பகுதி). நன்றாக முற்றி, நன்றாகக் காய்ந்த மகோகனி சாதுவான மரம். ஈரத்துக்கு விரிந்து சுருங்கும் அசைவு குறைவு. அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும், இழைப்புளியைக் கையில் எடுக்கும் முன் மரத்துக்கு எத்தனை வயது, அறுத்து எத்தனை மாதம் என்று கேட்டுவிடுங்கள்.

முதலில்: இது மகோகனிதானா?

மகோகனிச் சாயம் பூசிய ரப்பர் மரம் கடையில் மகோகனிக்குப் பக்கத்திலேயே நிற்கும். இழுப்பறையை உருவி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள், மேஜையாக இருந்தால் கவிழ்த்துப் பாருங்கள். பாலிஷ் படாத இடத்தில் வைக்கோல் வெளுப்பாக இருந்தால் ரப்பர் மரம். மகோகனி என்றால் அங்கேயும் இளஞ்சிவப்போ செம்பழுப்போ தெரியும்.

அடுத்து ஆப்பிரிக்க மகோகனியா என்ற கேள்வி. பலகையின் குறுக்குவெட்டு முகத்தைப் புது பிளேடால் மெல்லச் சீவி, எச்சில் தொட்டுத் தடவி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். வளர்ச்சி வளையத்துக்கு வளையம் நூல்போல ஒரு வெளிர்க்கோடு ஓடினால் நம் ஊரில் நடும் பெரிய இலை மகோகனி. ஆப்பிரிக்க வகையில் பெரும்பாலும் அந்தக் கோடு இருக்காது. மரம் இன்னும் தோப்பில் நிற்கிறது என்றால் இன்னும் சுலபம். பெரிய இலை மகோகனியின் காய் ஐந்தாறு அங்குல நீளத்தில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். அடிப்பக்கமாக வெடித்து, ஒற்றை இறக்கை வைத்த விதைகளைப் பம்பரம்போலச் சுழலவிடும். ஆப்பிரிக்க வகைக்கு உருண்டைக் காய், தட்டை விதை. வித்தியாசம் எதற்கென்றால், ஆப்பிரிக்க வகை கூடுதலாக அசையும், இழைக்கும்போது கூடுதலாகச் சிராய் கிளப்பும்.

“இது அமெரிக்காவிலிருந்து வந்தது” என்று சொல்லி விலை ஏற்றினால் காகிதம் கேளுங்கள். அமெரிக்கக் கண்டத்துப் பெரிய இலை மகோகனி 2003 நவம்பர் முதல் சைட்ஸ் (அழியக்கூடிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்பாடு) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு விட்டு நாடு போகாது. நம் ஊரில் நட்டு வளர்த்த மரத்துக்கு அந்தப் பட்டியல் பொருந்தாது.

அறிகுறி: கதவோ இழுப்பறையோ இறுகுகிறது

*வருஷம் முழுக்க இறுகுகிறதா?* அப்படியென்றால் பெரும்பாலும் மரத்தின் மேல் பழி இல்லை. கதவின் கைப்பிடிப் பக்கத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் திருகு தளர்ந்திருக்கிறது. திருகைக் கழற்றி, துளையில் பசை தொட்ட மூங்கில் குச்சியை அடித்து, காய்ந்தபின் திரும்ப முறுக்குங்கள். செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.

*மழையில் மட்டும் இறுகுகிறதா?* கதவின் ஓரம் முழுக்க சாக்பீஸ் தேய்த்து ஒரு தடவை மூடித் திறங்கள். நிலையில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் உரசல். அப்புறம் செல்போனைக் கதவுக்கு அடியில் நீட்டி ஒரு படம் எடுங்கள். பத்தில் ஒருவர்கூடக் கதவின் அடி ஓரத்துக்கும் தலை ஓரத்துக்கும் பாலிஷ் அடிப்பதில்லை, யாரும் பார்க்காத இடம்தானே என்று. பச்சையாக விட்ட அந்த ஓரம்தான் ஈரக்காற்றை உறிஞ்சும் வாய். தை மாதம் கதவு தானாகச் சுருங்கியதும் அந்த இரண்டு ஓரத்துக்கும் ஈரத்தைத் தடுக்கும் சீலரை இரண்டு கை அடியுங்கள். பாதிக் கதவுகள் அடுத்த மழைக்குச் சரியாகிவிடும்.

மழையில் இறுகிய கதவை மழையிலேயே இழைக்காதீர்கள். கணக்கு இதுதான். வளையத்துக்கு இணையாக அறுத்த ஓர் அடி அகல மகோகனிப் பலகை, ஈரம் 6 சதவீதம் ஏறி இறங்கினால் ஏறக்குறைய இரண்டரை முதல் நாலரை மில்லிமீட்டர் வரை விரிந்து சுருங்கும். ஐப்பசியில் அந்த அளவைச் சீவி எறிந்தால் பங்குனியில் அந்த இடைவெளி வழியாகப் பல்லி போகும். தவிர்க்கவே முடியாது என்றால் சாக்பீஸ் ஒட்டிய இடத்தில் மட்டும் ஒரு சுருள், அவ்வளவுதான்.

*இரண்டாவது மழைக்கும் அதே இறுக்கமா?* பலகை காயாமலே கதவாகியிருக்கிறது. கீழே எடை பார்க்கும் முறையைப் பாருங்கள்.

அறிகுறி: விரிசல்

எங்கே விரிந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

*பலகையின் நுனியில்* இரண்டு மூன்று அங்குல வெடிப்பு என்றால் காயும்போது நுனி முந்திக்கொண்டது. அறுத்த அன்றே நுனிகளில் பெயிண்டோ மெழுகோ பூசியிருந்தால் வந்திருக்காது. வெடித்த நீளத்தை வெட்டித் தள்ளுவதுதான் வழி. பசை விட்டு இழுத்துக் கட்டினால் பக்கத்திலேயே இன்னொன்று வெடிக்கும்.

*சட்டத்துக்குள் இருக்கும் நடுப்பலகையில்* நீளவாட்டில் வெடிப்பு என்றால், பலகை காடிக்குள் (சட்டத்தில் அதற்கென வெட்டிய பள்ளத்துக்குள்) சிக்கியிருக்கிறது. நடுப்பலகை காடிக்குள் பசை இல்லாமல் சும்மா உட்கார வேண்டும், இருபக்கமும் ஒரு மில்லியாவது நகர இடம் வேண்டும். இரண்டு உள்ளங்கையையும் பலகை மேல் வைத்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். துளியாவது அசைந்தால் நல்லது. கல் மாதிரி நின்றால் யாரோ காடியில் பசை விட்டிருக்கிறார்கள், அல்லது பின்னாலிருந்து ஆணி அடித்திருக்கிறார்கள். ஆணியைப் பிடுங்கினாலே சில நேரம் விரிசல் பாதியாக மூடும். பசை என்றால் சட்டத்தைப் பிரிக்க வேண்டும். அது வீட்டில் செய்கிற வேலை இல்லை, தச்சரைக் கூப்பிடுங்கள்.

கோடையில் நடுப்பலகையின் ஓரத்தில் பாலிஷ் படாத ஒரு வெளிர்ப்பட்டை எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்துப் பயந்து போன் செய்கிறவர்கள் உண்டு. அது கோளாறு இல்லை, பலகை சுதந்திரமாகச் சுருங்குகிறது என்பதற்கு அத்தாட்சி. அந்தப் பட்டைக்கு மட்டும் கொஞ்சம் பாலிஷ் தொட்டுவிட்டால் போதும்.

விரிசலில் கோடைக்காலத்தில் பட்டி அடைக்காதீர்கள். மழையில் பலகை விரியும்போது பட்டி நசுங்கி வெளியே பிதுங்கும், அல்லது புதிதாக இன்னோர் இடத்தில் பிளக்கும். ஒரு முழு வருஷம் பார்த்து, விரிசல் இதற்கு மேல் வளரவில்லை என்று தெரிந்தபிறகு அதே மரத்தில் மெல்லிய ஆப்பு செதுக்கி ஒட்டலாம்.

அறிகுறி: பலகை முறுக்கிக்கொண்டது

ஒரே நீளத்தில் இரண்டு நேரான சட்டங்களைப் பலகையின் இரு முனையிலும் குறுக்கே வையுங்கள். குனிந்து, கண்ணை முன்சட்டத்தின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பின்சட்டத்தைப் பாருங்கள். இரண்டு விளிம்பும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை. ஒரு மூலை மேலே தூக்கினால் முறுக்கு.

நாற்பது நாளில் கட்டில் செய்யச் சொன்ன ஒரு பெரியவர் கதையைச் சொல்லவேண்டும். கஜாவில் சாய்ந்தது, பதினாலு வயது மரம், அவரே தண்ணீர் ஊற்றி வளர்த்தது. பேத்தி கல்யாணத்துக்குச் சீர். “பலகை இன்னும் பச்சையா இருக்குங்க ஐயா, ஒரு வருஷம் போகட்டும்” என்றேன். “கல்யாணம் ஒரு வருஷம் நிக்குமா தம்பி?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, செய்து கொடுத்துவிட்டேன். அடுத்த சித்திரையில் கட்டிலின் பக்கச்சட்டம் ஒன்று திருகி, நாலு காலில் மூன்றுதான் தரையில் நின்றது. கழுந்துகள் (துளைக்குள் செருகும் சட்ட முனைகள்) துளைக்குள் சுருங்கி, உட்கார்ந்தால் முனகல் சத்தம். சட்டத்தைக் கழற்றி, புதிதாகப் போட்டு, கழுந்துக்கு ஆப்பு அடித்துக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. தெரிந்தே செய்தது என் தப்பு.

முறுக்கு அரை அங்குலத்துக்குள் இருந்தால் பலகையைக் குப்புறப் போட்டு, நிழலில், மேலே கனம் ஏற்றி ஒரு மாதம் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பாலிஷ் அடித்ததால் வந்த வளைவு என்றால், அடிக்காத பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பாலிஷ் கொடுத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். ஈரம் வாங்கிய முறுக்கை வெயிலில் காயப்போட்டு எடுக்கப் பார்த்தவர்கள் வெடித்த பலகையோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

வாசல் நிலையே முறுக்கியிருந்தால் கை வைக்காதீர்கள். மேலே சுவரின் பாரம் இருக்கிறது. கொத்தனாரும் தச்சரும் சேர்ந்து பார்க்கிற வேலை.

ஈரம் பார்ப்பது எப்படி

மீட்டர் இருந்தால் இரண்டு ஊசியையும் பலகையின் நடுவில் குத்திப் பாருங்கள், நுனியில் குத்தினால் பொய் சொல்லும். வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கு 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வேலை ஆரம்பிக்கலாம். 18 காட்டினால் பலகையைத் திரும்ப அடுக்கில் வையுங்கள்.

மீட்டர் இல்லையா? நுனியிலிருந்து ஓர் அடி தள்ளி, ஒரு விரல் கனத்துக்குத் துண்டு ஒன்று வெட்டி, சமையலறைத் தராசில் நிறுங்கள். கேக் சுடும் அடுப்பில் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, மணிக்கொருதரம் எடுத்து நிறுங்கள். எடை குறைவது எப்போது நிற்கிறதோ அதுதான் காய்ந்த எடை. முதலில் 100 கிராம், கடைசியில் 84 கிராம் என்றால் போன தண்ணீர் 16. அதைக் காய்ந்த எடையான 84 ஆல் வகுத்தால் 19 சதவீதம். வேலைக்கு ஆகாது.

பலகையை நிழலில், இடையில் ஒரே கனத்துக் குச்சிகள் வைத்து, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் அடுக்குங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய ஆசாரிகள் கணக்கு. அவசரம் என்றால் மில்லில் சூளை வைத்துக் காயவைப்பவர்களிடம் கொடுங்கள். கன அடிக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள். கட்டிலைத் திரும்பச் செய்வதைவிட மலிவு.

அறிகுறி: இழைக்கும்போது சிராய் கிளம்புகிறது

மகோகனியில் நார் ஒரு பட்டை இப்படியும் அடுத்த பட்டை அப்படியுமாக ஓடும். ஆரவாட்டில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி அறுத்த பலகையில் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வரும் பட்டுச்சேலை மினுமினுப்பு அதனால்தான். அழகும் அதுதான், தொல்லையும் அதுதான்.

முதலில் இழைப்புளித் தகட்டைத் தீட்டுங்கள். முக்கால்வாசிச் சிராய் மழுங்கிய தகட்டால் வருகிறது. தீட்டியும் பிய்ந்தால் எதிர்ப்பக்கமிருந்து இழையுங்கள். அப்போதும் பட்டைக்குப் பட்டை மாறிப் பிய்ந்தால் பிடி தகட்டை (வெட்டும் தகட்டின் மேல் அமர்ந்திருக்கும் தகடு) கூர்முனைக்கு நகக்கண் அளவு நெருக்கி, காகிதம்போல மெல்லிய சுருளாக, இழைப்புளியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து ஓட்டுங்கள். மெஷினில் விடுவதானால் ஒரு தடவைக்கு அரை மில்லிக்கு மேல் எடுக்காதீர்கள். கடைசி வழி சுரண்டுத் தகடு: பழைய ரம்பத் தகட்டை வெட்டி, ஓரத்தை மடித்து நீங்களே செய்துகொள்ளலாம். அதற்குப் பிறகு 120, 180, 220 உப்புத்தாள், நாரோட்டத்தின் நீளவாட்டில் மட்டும்.

பெரிய சாப்பாட்டு மேஜைப் பலகை என்றால் கையை ஒடித்துக்கொள்ளாமல் அகலச் சாண்டிங் மெஷின் வைத்திருக்கும் மில்லுக்குக் கொண்டுபோங்கள்.

தூசிக்கு முகமூடி போடுங்கள். மகோகனித் தூள் சிலருக்குத் தும்மலும் தோல் அரிப்பும் தரும்.

அறிகுறி: பாலிஷ் திட்டுத்திட்டாக நிற்கிறது

*ஊசி குத்தியதுபோல் பள்ளங்களா?* மகோகனியின் துவாரங்கள் பெரியவை, கண்ணுக்கே தெரியும். அடைக்காமல் பாலிஷ் அடித்தால் ஒவ்வொரு கையையும் அது குடித்துக்கொண்டே இருக்கும். மரத்தின் நிறத்துக்குக் கொஞ்சம் கருத்த, துவாரம் அடைக்கும் பில்லரை, நாரோட்டத்துக்குக் குறுக்கே சாக்குத் துணியால் அழுத்தித் தேய்த்து, மறுநாள் உப்புத்தாள் போடுங்கள். வெறும் சாக்பவுடர் வைத்து அடைப்பது வேண்டாம். சில வருஷத்தில் மேலிருக்கும் எண்ணெய் வறண்டு துவாரம் எல்லாம் வெள்ளைப் புள்ளியாக எழும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் செங்கல் பொடியை ஆளிவிதை எண்ணெயோடு தேய்த்து அடைத்திருக்கிறார்கள், அதில் வெளுப்பு வராது. நம்மிடம் காவி இருக்கிறது.

*பாலிஷ் ஏறாத வெளிர்த் தீற்றலா?* ஒட்டும்போது வழிந்த பசை. ஈரத் துணியால் துடைத்தது பசையைத் துவாரத்துக்குள் தள்ளியிருக்கும். பாலிஷுக்கு முன் பலகை முழுக்க ஸ்பிரிட் தடவிப் பார்த்தால் பசை பட்ட இடம் உடனே வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும்.

*ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெளுப்பா?* வெளிறு. சாயம் கொடுத்து ஒப்பேற்றலாம். ஆனால் அதன் உண்மையான பிரச்சினை நிறமில்லை, கடைசிப் பகுதியில் வருகிறது.

அறிகுறி: நீலக்கறுப்புக் கறை

பட்டறைப் பையன் ஒருநாள் ஈரத் துணியைச் சுற்றிய சுத்தியலை மேஜைப் பலகை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் காலை சுத்தியலின் தலை அச்செடுத்ததுபோலப் பலகையில் இருந்தது, பேனா மை நிறத்தில். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் இதுதான்.

ஆணித்தலை, கீல் ஓரம், இரும்புக் கம்பிப் பஞ்சு தேய்த்த இடம் எல்லாம் பாருங்கள். மேலோட்டமாக இருந்தால் உப்புத்தாளில் போய்விடும். ஆழம் என்றால் பாலிஷை முழுக்க எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் வெந்நீரில் 60 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் கரைத்து, பிளாஸ்டிக் வாளியிலிருந்து, கறையில் மட்டும் அல்லாமல் பலகை முழுக்கப் பூசுங்கள். கறையில் மட்டும் வைத்தால் அந்த இடம் வட்டமாக வெளுக்கும். காய்ந்ததும் நல்ல தண்ணீரில் மூன்று தடவை கழுவுங்கள். அது விஷம், கையுறை கட்டாயம், காய்ந்த தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் மீதியை வைத்திருக்கவும் கூடாது. பிறகு இரும்புத் திருகை எடுத்துவிட்டுப் பித்தளையோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மழையில் கறை திரும்ப வரும்.

அறிகுறி: வெள்ளை வளையம், பனிமூட்டம்

சூடான பாத்திரம் வைத்த இடம், அல்லது மழைநாளில் அடித்த பாலிஷ். முதலில் என்ன பாலிஷ் என்று கண்டுபிடியுங்கள். மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் வேகமாக ஒரே ஒரு வீச்சு வீசினால் வெள்ளை மறைந்துவிடும். நின்று தேய்த்தால் பாலிஷே துணியோடு வரும். ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை என்றால் மெலமினோ பி.யு.வோ (கெட்டியான ரசாயனப் பாலிஷ் வகைகள்), அதற்குப் பாலிஷ்காரர்தான்.

அறிகுறி: நிறம் மாறிவிட்டது

டி.வி. இருந்த இடம் வெளுத்து, சுற்றிலும் கருத்திருந்தால் ஒன்றும் ஆகவில்லை. மகோகனி வெளிச்சம் பட்டுக் கருக்கும் மரம். திறந்துவைத்தால் சில மாதத்தில் ஒன்றாகும். அதனால்தான் பழைய அலமாரிக்குப் புதுக்கதவு செய்யும்போது சாயம் ஏற்றி நிறத்தைச் சரியாகப் பொருத்தக் கூடாது. இன்றைக்குப் பொருந்தினால் இரண்டு வருஷத்தில் புதுக்கதவு கருத்து நிற்கும். சீக்கிரம் கருக்கவேண்டும் என்றால் பாலிஷ் படாத மரத்தில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் தடவலாம், துண்டுப் பலகையில் சோதித்துவிட்டு. ஜன்னலோரத்தில் வருஷக்கணக்கில் நேர் வெயில் தின்ற சாமான் மட்டும் மறுபடி வெளுக்கும், அதற்குத் திரைச்சீலை ஒன்றே மருந்து.

அறிகுறி: தூள் கொட்டுகிறது

சாமானுக்குக் கீழே ராத்திரி செய்தித்தாளை விரித்து, காலையில் கொட்டியதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள்.

*மைதாமாவு போல வழவழப்பா?* உளுக்கும் வண்டு. துளை குண்டூசித் தலை அளவு. இது வெளிறை மட்டும்தான் தின்னும், வைரத்துக்குள் (முற்றிய நடுமரத்துக்குள்) போகாது. இளமரம் ஏன் ஆகாது என்று இப்போது தெரிகிறதல்லவா? பதினைந்து வயது மரத்தில் பாதிக்கு மேல் வெளிறாகவே இருக்கலாம். துளையின் ஓரம் புதிதாக, வெளுப்பாக இருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது. கறுத்திருந்தால் பழைய துளை. வெளிறுள்ள சட்டத்தை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் பாலிஷைச் சுரண்டி எடுத்து, போராக்ஸ் மூன்று பங்கு, போரிக் அமிலம் இரண்டு பங்கு சேர்த்து 100 கிராமை 2 லிட்டர் வெந்நீரில் கரைத்து, நன்றாகக் குடிக்கிற வரை இரண்டு மூன்று முறை பூசுங்கள். பாலிஷ் மேல் பூசினால் தரைக்குத்தான் மருந்து.

*கசகசா போல உருட்டு உருட்டாகவா?* காய்ந்த மரக் கரையான். இதற்கு மண்புற்று தேவையில்லை, கட்டைக்குள்ளேயே குடும்பம் நடத்தும். சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் எங்கே ‘பொத்’தென்று மாறுகிறதோ அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவையுங்கள். ஒரே நாற்காலி என்றால் அதைக் கூடத்திலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். நிலையிலோ கூரைச் சட்டத்திலோ அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்கே பூச்சி ஒழிப்புக்காரரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து மருந்து ஏற்றும் வரை தச்சரைக் கூப்பிட வேண்டாம்.